தகட்டுக்கு மூச்சு கொடுக்கும் கைகள்

மோட்டார் காரின் பானெட் ஒன்று பட்டறை மேஜையின் மீது கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் வர்ணம் முழுவதும் சுரண்டி எடுக்கப்பட்டுவிட்டது. சாம்பல் நிறத்தில் தெரியும் வெறுந்தகட்டின் உட்புறத்தில் வரிசை வரிசையாகக் கோடுகள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் நான்கு அங்குல நீளம். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. தொழிலாளி உளியை முதல் கோட்டின் மீது வைக்கிறார். சுத்தியை ஓங்குகிறார். ஓங்கிய கை அப்படியே நின்றுவிடுகிறது. உளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் அளவுகோலை எடுக்கிறார். ஏற்கனவே மூன்று முறை அளந்தாயிற்று. நான்காம் முறையும் அளக்கிறார்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய மோட்டார் கார்களைப் புதுப்பிக்கும் பட்டறைகளில் இன்றும் காணக்கூடிய காட்சி இது. அங்கே நடக்கும் வேலைக்கு 'லூவர்' எடுப்பது என்று பெயர். பானெட் தகட்டில் நீளவாக்கில் ஒரு கீறல் வெட்டி, கீறலின் ஒரு பக்கத்தை மட்டும் மேலே எழுப்பி, கீழிருந்து காற்று வெளியேற வழி செய்வதுதான் லூவர். மீனின் செவுளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. செவுள் திறந்தாற்போலவே தகடு திறந்து நிற்கும்.

பார்ப்பதற்குச் சின்ன வேலைதான். ஒரு காரின் விலையில் அதற்கு என்ன பங்கு இருக்கப் போகிறது? ஆனாலும் அந்தச் சின்ன வேலைக்குள் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. கைக்கு மட்டும் தெரிந்த ஓர் அறிவை, அந்தக் கை ஓய்வதற்குள் வேறொரு கைக்கு மாற்றிக் கொடுக்கிறோமா, இல்லையா என்பதே அது.

கூரையிலிருந்து காருக்கு

லூவர் என்ற சொல் மோட்டார் காரை விடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொல் அது. மத்திய கால ஐரோப்பாவில் பெரிய கூடங்களின் நடுவே அடுப்பு எரியும். அந்தப் புகை வெளியே போகக் கூரையின் உச்சியில் பலகை அடுக்கிய ஒரு திறப்பு வைப்பார்கள். புகை மேலே போக வேண்டும். மழை உள்ளே வரக்கூடாது. இந்த இரண்டையும் ஒரே திறப்பில் சாதித்ததால் அதற்கு ஒரு தனிப் பெயர் கிடைத்தது. நம் வீட்டுக் குளியலறையில் கண்ணாடிச் சட்டங்களைச் சாய்த்து அடுக்கிய ஜன்னலையும் லூவர் ஜன்னல் என்றுதானே சொல்கிறோம்?

காருக்கும் அதே தேவை வந்தது. எஞ்சினில் எரியும் பெட்ரோலின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு புகையாக வெளியேறுகிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டர் வழியே காற்றில் கலக்கிறது. அந்தச் சூட்டை வாங்கிக்கொண்ட காற்று பானெட்டுக்குள் வந்து நிறைகிறது. அது வெளியே போக வழியில்லாவிட்டால் புதுக் காற்று உள்ளே வரவும் இடமில்லை. எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் பயன் குறைவே. முன் வாசலை அகலமாகத் திறந்து வைத்துப் பின் வாசலை மூடிவிட்ட வீட்டுக்குள் காற்று ஓடுமா?

எனவே லூவர் என்பது பின் வாசல். அந்த வாசல் எந்தத் திசையைப் பார்த்துத் திறக்க வேண்டும் என்பதும் முக்கியம். வாய் காரின் பின்புறத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் மேலே ஓடும் காற்று உள்ளேயிருக்கும் வெப்பக் காற்றை இழுத்துக்கொண்டு போகும். திசை மாறி முன்னால் திறந்தால் காற்றும் மழையும் தூசியும் உள்ளே கொட்டும்.

இடமும் சாமானியமான விஷயம் அல்ல. ஓடும் காரின் முன் கண்ணாடி மேல் மோதும் காற்று, கண்ணாடியின் அடியில் தேங்கி அழுத்தம் கூடி நிற்கிறது. பயணிகளுக்குப் புதுக் காற்று தரும் துவாரத்தைக் கார்க் கம்பெனிகள் கண்ணாடியின் அடியில் வைப்பது அதனால்தான். அந்த இடத்தில் லூவர் வெட்டினால், சூடு வெளியேறுவதற்குப் பதிலாக வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் ஆச்சரியமில்லை. பானெட்டின் முன் விளிம்பைத் தாண்டிக் காற்று வளைந்து ஏறும் பகுதியில் அழுத்தம் குறைவு. லூவருக்கு ஏற்ற இடம் அந்தப் பக்கம்தான். அழகுக்காக வெட்டுகிறவன் கண்ணுக்குப் பிடித்த இடத்தில் வெட்டுவான்; தொழில் தெரிந்தவன் காற்றைக் கேட்டுவிட்டு வெட்டுவான்.

உப்புத் தரையில் ஓடிய கார்கள்

1920-களிலும் 1930-களிலும் வந்த கார்களில் பானெட்டின் பக்கத் தகடுகளில் லூவர் இல்லாத வண்டியைக் காண்பது அரிது. பிரான்சின் மோல்ஷீம் நகரில் எட்டோரே புகாட்டி தயாரித்து, 1924-ல் லியோன் நகரப் பந்தயத்தில் முதன்முதலாக ஓடிய புகாட்டி டைப் 35 என்ற காரைப் படத்தில் பார்த்தவர்கள், அதன் பானெட்டில் அணிவகுத்து நிற்கும் லூவர்களை மறக்க மாட்டார்கள்.

1932-ல் ஹென்றி போர்டு, சாதாரண மக்களும் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் எஞ்சின் பொருத்திய காரை வெளியிட்டார். 65 குதிரை சக்தி கொண்ட அந்த எஞ்சின் அந்தக் காலத்துக்கு ஓர் அதிசயம். ஆனால் அதில் ஒரு சங்கடமும் இருந்தது. எரிந்த புகை வெளியேறும் பாதைகள், எஞ்சினின் இரும்பு உடலுக்குள்ளேயே, தண்ணீர் ஓடும் அறைகளின் ஊடே சென்றன. வெளியே போக வேண்டிய சூடு தண்ணீரிலேயே இறங்கியது. எஞ்சின் சீக்கிரம் கொதித்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வந்த கார்களில் பானெட்டின் ஒவ்வொரு பக்கமும் 20 லூவர்கள் இருந்தன. பின்னர் அதே ஆண்டிலேயே அவை 25 ஆயின. ஐந்து திறப்புகள் கூடின என்ற இந்தச் சிறு செய்தியில், ஒரு பெரிய தொழிற்சாலை சூட்டோடு நடத்திய போராட்டம் தெரிகிறது.

அந்தப் போர்டு கார்களைப் பழைய விலைக்கு வாங்கிய கலிபோர்னியா இளைஞர்கள், தேவையில்லாத பாகங்களைக் கழற்றி எறிந்து எஞ்சினை முடுக்கி, வறண்டு கிடந்த ஏரிகளின் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். முரோக் என்ற வறண்ட ஏரி அவர்களுடைய முதல் மைதானம். 1937-ல் அவர்களுடைய குழுக்கள் சேர்ந்து தென் கலிபோர்னியா வேகக் கணிப்புச் சங்கத்தை அமைத்தன. இரண்டாம் உலக யுத்தத்தின்போது முரோக் ராணுவத்தின் வசம் போயிற்று. இப்போது அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தின் பகுதி. யுத்தத்துக்குப் பிறகு எல் மிராஜ் என்ற வறண்ட ஏரிக்கும், 1949 முதல் யூடா மாநிலத்தின் பான்வில் உப்புத் தரைக்கும் பந்தயங்கள் போயின.

அங்கேதான் லூவர் பானெட்டின் பக்கத்திலிருந்து மேலே ஏறியது. மணிக்கு 100 மைலைத் தாண்டும்போது பானெட்டுக்குள் நெருக்கிப் புகும் காற்று, மூடியையே மேலே தூக்கப் பார்க்கும். லூவர்கள் அந்த அழுத்தத்தைக் கீழே இறக்கின. வண்டியின் பின்புற மூடியிலும் லூவர் வெட்டி, உள்ளே சிக்கிய காற்றுக்கு வழி விட்டார்கள். அந்த இளைஞர்களிடம் பெரிய யந்திரங்கள் இல்லை, பணமும் இல்லை. வீட்டுக் கொட்டகையில் உளியும் சுத்தியும் கடின மரக் கட்டையும் வைத்துக்கொண்டு, தகட்டை எழுப்பக் கற்றுக்கொண்டவர்கள் அவர்களில் பலர். கண் பார்த்தால் கை செய்யும் என்று நம் பெரியவர்கள் சொன்னதை, கடல் கடந்த ஒரு பாலைவனத்தில் அவர்கள் மெய்ப்பித்தார்கள்.

ஒரே அடியில் இரண்டு வேலை

கையால் லூவர் எடுப்பது எப்படி? முதலில் அச்சு வேண்டும். கனமான இரும்புப் பட்டையிலோ கடின மரத்திலோ, லூவர் எந்த வடிவில் வர வேண்டுமோ அந்த வடிவத்துக்கு ஒரு குழி செதுக்குவார்கள். குழியின் ஒரு பக்கம் நேர்க்கோடாக, கூர்மையான விளிம்போடு இருக்கும். மறுபக்கம் வழவழப்பாகச் சரிந்து மேலேறும். பானெட்டின் வெளிப்புறம் இந்தக் குழியின் மேல் படும்படி வைத்து, அசையாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு உட்புறத்திலிருந்து தட்ட வேண்டும்.

தட்டுவதிலும் இரண்டு முறைகள் உண்டு. ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் உருண்டையாகவும் தீட்டிய அகன்ற உளியை வைத்து அடித்தால், கூரான பக்கம் தகட்டை வெட்டும். உருண்டையான பக்கம் அதைக் குழிக்குள் தள்ளும். வெட்டும் வேலையும் வடிவம் கொடுக்கும் வேலையும் ஒன்றாக முடியும். இன்னொரு முறையில், முதலில் கீறலை மட்டும் வெட்டிக்கொள்வார்கள். கீறலின் இரு முனைகளிலும் சின்னத் துளை போட்டு, விளிம்பை அரத்தால் வழித்துவிட்டு, மரத்தாலான தட்டுக் கட்டையால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்குள் இறக்குவார்கள். முதல் முறை விரைவானது. இரண்டாம் முறை நிதானமானது. தவறு நேர்ந்தால் நடுவிலேயே தெரிந்துவிடும்.

தகடு மடிக்கப்படவில்லை, நீட்டப்படுகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். காகிதத்தில் கீறல் போட்டு ஒரு பக்கத்தை மடக்கி எழுப்பலாம். லூவரின் இரு முனைகளும் தகட்டோடு ஒட்டிக்கொண்டே இருப்பதால் அங்கே அப்படி மடக்க முடியாது. எழும்பும் விளிம்புக்கு வேண்டிய கூடுதல் நீளம் தகட்டின் உடம்பிலிருந்தே வர வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள லூவரின் விளிம்பு 10 மில்லிமீட்டர் எழும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலுள்ள 60 மில்லிமீட்டர் மட்டமாக நிற்கும். இரு முனைகளிலும் 20 மில்லிமீட்டர் தூரம் சரிவாக ஏறும். அந்தச் சரிவின் நீளம் 22.4 மில்லிமீட்டர். அதாவது முனையில் இருக்கும் தகடு 12 சதவீதம் நீள வேண்டும். நடுப்பகுதிக்கு அவ்வளவு சிரமம் இல்லை. பாரம் முழுவதும் இரண்டு ஓரங்களில் விழுகிறது. இழுபடும் தன்மை நன்றாக உள்ள மென் எஃகு 30 சதவீதத்துக்கு மேலும் நீளும் என்பதால் அது தாங்கிக்கொள்ளும். ஆனால் வெட்டிய விளிம்பில் ஒரு சின்னப் பிசிறு இருந்தால் போதும், கிழிசல் அங்கிருந்து தொடங்கிவிடும். முனையில் துளை போடுவதும் அரத்தால் வழிப்பதும் அதற்காகத்தான்.

அலுமினியத்தின் கதை வேறு. கடினப்படுத்திய அலுமினியத் தகடு 10 சதவீதம் நீள்வதற்குள்ளேயே கிழிந்துவிடக்கூடும். எனவே முதலில் அதைச் சூடு காட்டி இளக்க வேண்டும். இதிலும் ஓர் ஆபத்து உண்டு. இரும்பு சூடானால் சிவக்கும். அலுமினியம் சிவக்காமலேயே உருகிக் கீழே விழுந்துவிடும். எவ்வளவு சூடு போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பழைய தொழிலாளிகள் தகட்டின் மீது சவர்க்காரக் கட்டியால் ஒரு கோடு தேய்ப்பார்கள். தீச்சுடரைக் காட்டும்போது அந்தக் கோடு பழுப்பாகிக் கறுத்தால் போதும் என்று நிறுத்திவிடுவார்கள். விலை உயர்ந்த கருவி சொல்லும் செய்தியைக் காலணா சோப்பு சொல்லிவிடுகிறது!

அழிக்க முடியாத எழுத்து

இந்த வேலையில் தவறு செய்ய எத்தனை வழிகள் உண்டோ அத்தனையும் தொழிலாளியின் கைக்குக் கீழேயே காத்திருக்கின்றன. பானெட் கவிழ்ந்து கிடப்பதால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். கீறலின் எந்தப் பக்கத்தைத் தள்ளுகிறோம் என்பதில் கணநேரம் கவனம் தவறினால் லூவரின் வாய் முன்னால் திறந்துவிடும். ஒரு வரிசையில் பதினைந்து லூவர்கள் சரியாக அமைந்து, பதினாறாவது ஒன்று அரைக்கால் அங்குலம் சாய்ந்துவிட்டால், பார்க்கிற கண் அந்தப் பதினாறாவதன் மீதுதான் போய் நிற்கும்.

பானெட்டின் அடியில் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். அவற்றின் மீது கோடு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பு எப்போதோ விபத்தில் நசுங்கி, பட்டி பூசி மறைத்த இடம் இருக்கும். அந்தப் பட்டி ஒரே அடியில் உதிர்ந்துவிடும். ஒவ்வொரு லூவரும் சுற்றியுள்ள தகட்டைக் கொஞ்சம் இழுக்கிறது. இருபது முப்பது லூவர்கள் சேர்ந்து இழுத்தால் பானெட்டே வளைந்து, இருந்த இடத்தில் உட்கார மறுக்கும். சில இடங்களில் தகடு தளர்ந்து, விரலால் அமுக்கினால் 'டொக்' என்று உள்ளே போய் 'டொக்' என்று வெளியே வரும். எங்கே தகடு நீண்டிருக்கிறது, எங்கே சுருக்க வேண்டும் என்று தடவிப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். நம் ஊர் டிங்கர் பட்டறையில் நசுங்கிய கதவை நிமிர்த்துகிறவர் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் தகட்டைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கை பார்க்கும் அளவுக்குக் கண் பார்ப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டிய தகட்டை வெட்டாததாக ஆக்க முடியாது. எழுதியதை அழிக்கலாம், பூசிய வர்ணத்தைச் சுரண்டலாம். கீறலைப் பற்றவைத்து மூடினாலும் சூட்டில் தகடு மறுபடி நெளியும். சில பழைய கார்களுக்கு வேறு பானெட் கிடைக்காது. தொழிலாளி நான்காம் முறை அளந்ததைப் பயம் என்று நினைப்பது தவறு. தான் செய்யப் போவதன் மதிப்பு அவருக்குத் தெரியும்.

யந்திரம் செய்த நன்மை

கை வேலையைப் புகழ்வதற்காக யந்திரத்தைத் தூற்ற வேண்டிய அவசியம் இல்லை. லூவர் எடுப்பதற்கென்றே அழுத்து யந்திரங்கள் உண்டு. ஆண் அச்சும் பெண் அச்சும் ஒன்றோடொன்று பொருந்த, ஒரே அழுத்தில் ஒரு லூவர் பிறந்துவிடும். அமெரிக்காவில் பழைய கார் பிரியர்களுக்கு லூவர் எடுத்துக் கொடுக்கும் பட்டறைகள் இந்த யந்திரத்தைத்தான் நம்பியிருக்கின்றன. அதில்கூட பானெட்டைப் பிடித்து நகர்த்துவது மனிதக் கைதான். கோட்டின் மீது தகட்டை நிறுத்தத் தெரியாதவனுக்கு யந்திரம் உதவாது; தவறை விரைவாகச் செய்து கொடுக்கும், அவ்வளவே.

ஆயிரக்கணக்கில் கார் தயாரிக்கும் தொழிற்சாலைக்கு இந்த வேகமும் போதாது. பானெட்டின் வளைவும் லூவர்களும் பெரிய அச்சில் உருவாக வேண்டும். 1961-ல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி உலகத்தையே வியக்க வைத்த ஜாகுவார் இ-டைப் காரின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஆரம்பத்தில் வந்த வண்டிகளில் லூவர்களைத் தனித் தகடுகளில் எடுத்து, பானெட்டில் அந்த அளவுக்கு வெட்டிய இடத்தில் பொருத்திப் பற்றவைத்து, ஒட்டுத் தெரியாமல் தேய்த்து மெருகேற்றினார்கள். பின்னர் அச்சு தயாரானதும் லூவர்கள் பானெட்டோடு சேர்ந்தே அழுத்தி எடுக்கப்பட்டன. வேலை சுலபமாயிற்று, செலவு குறைந்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் காலம் ஒரு வேடிக்கை செய்தது. இன்று அந்தக் கார்களைப் புதுப்பிக்கிறவர்கள், ஆரம்ப கால வண்டியா, பிற்கால வண்டியா என்று அறிய அந்த ஒட்டையும் தேடிப் பார்க்கிறார்கள். மறைக்கப் பாடுபட்ட தையல் இப்போது பெருமைக்குரிய அடையாளமாகிவிட்டது. அதைப் பழையபடியே செய்து கொடுக்க ஆள் வேண்டும் என்று தேடுகிறார்கள். அச்சு யந்திரம் எப்போதோ கழற்றப்பட்டுப் பழைய இரும்புக்குப் போயிருந்தாலும், கை தெரிந்த ஒருவர் இருந்தால் பானெட் மறுபடி பிறக்கிறது. ஒரு பொருளை ஆயிரம் செய்ய யந்திரம் வேண்டும். அந்த ஆயிரத்தில் உடைந்த ஒன்றைச் செப்பனிடக் கைதான் வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லும் துணிவு

இந்தத் தொழிலைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். லூவர் ஒரு மோகமாகவும் ஆகிவிட்டது. சூட்டுத் தொல்லையே இல்லாத காரின் பானெட்டிலும், நூறு நூற்றைம்பது என்று வரிசை வரிசையாக வெட்டிக்கொள்கிற செல்வந்தர்கள் இருக்கிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் எஞ்சினின் மின்சார இணைப்புகள் மேல் சொட்டும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பல பத்தாண்டுகள் தப்பிப் பிழைத்த பானெட்டைக் கொண்டுவந்து, "இதில் லூவர் எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்பவர்களும் உண்டு.

அப்போதுதான் உண்மையான தொழிலாளி யார் என்பது தெரிகிறது. கூலி கிடைக்கிறது என்பதற்காக வெட்டுகிறவரும் உண்டு. "ஐயா, இந்தத் தகட்டில் கை வைக்க வேண்டாம். வேறு பானெட் கிடைத்தால் கொண்டுவாருங்கள், செய்து தருகிறேன்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவரும் உண்டு. இரண்டாமவருக்கு அன்றைய வரும்படி போய்விடுகிறது. ஆனாலும் எங்கே வெட்டக்கூடாது என்பதை அறிவதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதிதான். சுத்தி பிடிக்கச் சில மாதங்களில் பழகிவிடலாம். சுத்தியைக் கீழே வைக்க வேண்டிய தருணத்தை அறியப் பல வருஷங்கள் ஆகும். அந்தப் பகுத்தறிவை எந்த அச்சிலும் வார்க்க முடியாது.

அடுத்த கை எங்கே?

இனி வரும் கார்களுக்கு லூவர் எவ்வளவு தூரம் தேவைப்படும்? மின்சாரக் கார்களில் பெட்ரோல் எஞ்சின் அளவுக்குச் சூடு இல்லை. காற்று எந்த வழியில் போகும் என்பதைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லிவிடுகிறது. கீறலை லேசர் கதிர் மயிரிழை பிசகாமல் வெட்டிவிடும். ஆகவே இந்தக் கை வேலைக்கு இனி என்ன அவசியம் என்று கேட்பது இயல்பே.

பதில் எளியது. உலகத்தில் ஏற்கனவே செய்யப்பட்ட பொருள்களை வைத்துக் காப்பாற்ற வேண்டுமானால், அவற்றைச் செய்த முறையைத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். பழைய காரை மட்டும் சொல்லவில்லை. தகடு எப்படி நீளும், எங்கே கிழியும், எப்போது இளக்க வேண்டும் என்ற அறிவு, ஒரு பானெட்டில் கற்றுக்கொண்டால் பஸ்ஸுக்கும் உதவும், படகுக்கும் உதவும், பாத்திரத்துக்கும் உதவும். அந்த அறிவு புத்தகத்தில் பாதிதான் ஏறும். மீதிப் பாதி, கற்றுக்கொடுக்கிறவரின் பக்கத்தில் நின்று, அவர் அடிக்கும் சத்தம் எப்போது மாறுகிறது என்று காது கொடுத்துக் கேட்டால்தான் வரும்.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்திலுள்ள மெக்பர்சன் கல்லூரி இதை உணர்ந்து செயல்பட்டிருக்கிறது. 1976-ல் அங்கே பழைய மோட்டார் கார்களைப் புதுப்பிக்கும் கலையைப் பாடமாக வைத்தார்கள். பின்னர் அது நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பாகவும் உயர்ந்தது. சரித்திரமும் கணக்கும் படிக்கிற மாணவனே தகட்டையும் தட்டி வடிவம் கொடுக்கக் கற்றுக்கொள்கிறான். கை வேலை செய்கிறவன் படிக்காதவன் என்ற பழைய எண்ணத்துக்கு அந்தக் கல்லூரி செயலால் பதில் சொல்லியிருக்கிறது. மற்ற நாடுகளும் கவனிக்க வேண்டிய பதில் அது.

பள்ளிக்கூடம் மட்டும் போதாது, கூலியும் வேண்டும். ஒரு லூவர் எடுக்கச் சில நிமிஷம் ஆகிறது என்பதற்காகச் சில நிமிஷத்துக்கு மட்டும் கூலி கொடுப்பது நியாயம் ஆகாது. அந்தச் சில நிமிஷத்துக்குப் பின்னால் இருபது வருஷப் பழக்கம் இருக்கிறது. கெட்டுப்போய்க் குப்பைக்குப் போன எத்தனையோ தகடுகள் இருக்கின்றன. பழைய காரை ஏலத்தில் பெரும் விலை கொடுத்து வாங்கத் தயங்காதவர்கள், அதைச் செப்பனிடும் கைக்குக் கொடுக்கும்போது கணக்குப் பார்த்தால், அந்தக் கை தன் மகனை வேறு வேலைக்கு அனுப்பிவிடும். பிறகு காரும் கண்காட்சியும் இருக்கும். நசுங்கினால் நிமிர்த்த ஆள் இருக்க மாட்டார்.

மேஜையின் அருகே நிற்கும் அந்தத் தொழிலாளியிடம் திரும்பி வருவோம். நான்காம் முறை அளந்தாகிவிட்டது. கோடு சரியாக இருக்கிறது. வாய் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதையும் ஒரு முறை விரலால் காட்டிப் பார்த்துக்கொள்கிறார். உளியை வைக்கிறார். சுத்தி இறங்குகிறது. பானெட்டைத் திருப்பிப் பார்த்தால், தகட்டில் ஒரு செவுள் திறந்திருக்கிறது. இன்னும் இருபத்து நான்கு பாக்கி.

அவருக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் இளைஞன் இருக்கிறானா என்பதுதான் கேள்வி. இருந்தால், அந்த இருபத்து நான்கில் கடைசி ஒன்றையாவது அவன் கையில் கொடுத்துவிட வேண்டும்.